'வந்தால்' வேறு, 'வந்தால்தான்' வேறு

மூன்றாம் அத்தியாயம்

மன்னார் நிலையத்தை விட்டுத் தலைமன்னார்ப் பக்கம் போகும் ரயிலுக்கு அடுத்த நிலையம் தோட்டவெளி. அதற்கு அடுத்தது பேசாலை. ஒற்றைத் தண்டவாளம், கிளையும் இல்லை, சுற்றுவழியும் இல்லை. போரோடு 1990இல் நின்றுபோன இந்தப் பாதை, 2015இல் மறுபடி தலைமன்னார் வரை திறந்தது. எடுப்புத் தருக்கத்தின் முதற்பாடத்துக்கு இந்த மூன்று நிலையங்களே போதும்.

பேசாலையில் ரயிலுக்குக் காத்து நிற்கும் ஒருவர் சொல்கிறார்: "மன்னாரால வாற ரயில் இங்க வந்திட்டுதெண்டால், அது தோட்டவெளியைக் கடந்திட்டுது." இதை யாரும் மறுக்க முடியாது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு சிறு கூற்றுகள் இருக்கின்றன. உண்மை என்றோ பொய் என்றோ சொல்லத்தக்க கூற்றுக்கு எடுப்பு என்று பெயர். 'ரயில் எத்தனை மணிக்கு?' எடுப்பு அல்ல. 'தள்ளி நில்' எடுப்பு அல்ல. நம்முடைய இரண்டு எடுப்புகளுக்கும் ஒவ்வோர் எழுத்தைக் கொடுப்போம்.

ப: ரயில் பேசாலைக்கு வந்துவிட்டது.
த: ரயில் தோட்டவெளியைக் கடந்துவிட்டது.

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிக்கும் பிள்ளைகள் இதைச் சுருக்கத் திட்டம் என்பார்கள். முழு வாக்கியத்தை ப → த என்று எழுதலாம். பெயர் உட்கிடை. அம்புக்குறிக்கு முன்னால் நிற்பது முன்னெடுப்பு, பின்னால் நிற்பது பின்னெடுப்பு.

இனி நான்கு பேர் இந்த வாக்கியத்தை ஏற்றுக்கொண்டு நான்கு விதமாகப் பேசுகிறார்கள் என்று வையுங்கள். முதலாமவர்: "ரயில் பேசாலைக்கு வந்திட்டுது, அப்ப தோட்டவெளியைக் கடந்திட்டுது." சரி. இது விதித்து விதித்தல். இரண்டாமவர்: "தோட்டவெளியையே இன்னும் கடக்கேல்லை, அப்ப பேசாலைக்கு வரேல்லை." இதுவும் சரி. இது மறுத்து மறுத்தல். மூன்றாமவர்: "தோட்டவெளியைக் கடந்திட்டுதாம், அப்ப பேசாலைக்கு வந்திட்டுது." பிழை. இடையில் பனங்காட்டோரம் எங்காவது நின்றுகொண்டிருக்கலாம். நான்காமவர்: "பேசாலைக்கு வரேல்லை, அப்ப தோட்டவெளியைக் கடக்கேல்லை." அதே காரணத்தால் இதுவும் பிழை.

ரயிலை வைத்துச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடப் பிழையைப் பிடித்துவிடும். வாக்கியத்தை மாற்றினால் பெரியவர்களே விழுந்துவிடுகிறார்கள். 'டெங்கு என்றால் உடம்பு உளையும். பிள்ளைக்கு உடம்பு உளைகிறது. ஆகவே டெங்குதான்.' மூன்றாமவரின் வாதம் இது, எழுத்துக்கு எழுத்து. டாக்டர் இரத்தம் சோதிக்க அனுப்புவது இந்தத் துவாரத்தை அடைக்கத்தான். 'படித்தவன் என்றால் வேலை கிடைக்கும். இவன் படிக்கவில்லை. ஆகவே வேலை கிடைக்காது' என்பது நான்காமவரின் வாதம். முதல் வாக்கியமே சந்தேகத்துக்குரியது. அதை உண்மை என்று வைத்துக்கொண்டாலும் முடிவு வராது.

ஒரு வாதத்தில் சந்தேகம் வந்தால், அதன் எலும்பை மட்டும் எடுத்து இந்தத் தண்டவாளத்தில் வைத்துப் பாருங்கள். எடுகூற்றுகள், அதாவது முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகள், உண்மையாக இருக்க, முடிவு பொய்யாகப் போக இடம் இருக்கிறதா? இருந்தால் அந்த வடிவம் எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் நம்பத்தக்கதல்ல. இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உட்கிடை எப்போது பொய்?

ஓர் உட்கிடையில் இரண்டு எடுப்புகள். ஒவ்வொன்றும் உண்மை அல்லது பொய். ஆக நான்கு நிலை. உண்மை அட்டவணையை இப்படி எழுதலாம்:

முன் உண்மை, பின் உண்மை: உட்கிடை உண்மை
முன் உண்மை, பின் பொய்: உட்கிடை பொய்
முன் பொய், பின் உண்மை: உட்கிடை உண்மை
முன் பொய், பின் பொய்: உட்கிடை உண்மை

கடைசி இரண்டு வரிகளில்தான் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். முன்பகுதியே பொய் என்றால் முழுவதும் எப்படி உண்மையாகும்? இப்படி நினைத்துப் பாருங்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கிற மாதத்தில் தகப்பன் மகனுக்குச் சொல்கிறார்: "காத்து விழுந்தால் நாளைக்கு உன்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவன்." காற்று விழவில்லை, அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. அப்பா பொய் சொன்னார் என்று மகன் சொல்ல முடியுமா? காற்று விழாமலே, வேறு ஏதோ காரணத்துக்காகக் கூட்டிக்கொண்டு போனாலும் அவர் சொன்னது கெடவில்லை. காற்று விழுந்தும் மகனைக் கரையில் விட்டுவிட்டுப் போனால் மட்டுமே வாக்கு முறிகிறது. அட்டவணையில் பொய் ஒரே ஒரு வரியில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த அட்டவணை முழு மனித 'ஆல்'ஐயும் பிடித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். காரணம், காலம், தொடர்பு எதுவும் அதில் இல்லை. 'இரண்டும் இரண்டும் ஐந்து என்றால் மன்னார் ஒரு தீவு' என்பது அட்டவணைப்படி உண்மை. சந்தியில் நின்று சொன்னால் ஆளை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பழைய கிரேக்கத்திலேயே பிலோ என்பவர் ஏறக்குறைய இந்த அட்டவணைப்படி உட்கிடைக்குப் பொருள் சொன்னார். அவருடைய ஆசிரியர் டயடோரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது வாதத்தைச் சோதிக்கிற ஒரு கருவி. அதற்கு இந்த அட்டவணை நன்றாக உதவும்.

நம் பேச்சும் இந்த அட்டவணையை எப்போதோ அறிந்து வைத்திருக்கிறது. "அவன் அந்தக் காசைத் திருப்பித் தந்தால் நான் அரை மீசை எடுக்கிறன்." பின்பகுதி நடக்காது என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். பின் பொய், முழு வாக்கியம் உண்மை. அட்டவணையைப் பார்த்தால் அப்படி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதில் முன்னும் பொய். அவன் காசு தரமாட்டான் என்று நேரே சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. மறுத்து மறுத்தல் விதியைப் பள்ளிக்கூடம் பார்க்காதவரும் இப்படி நாளாந்தம் பயன்படுத்துகிறார்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையின் முப்பது காற்றாடிகளையும் ஒருதரம் பாருங்கள். 'காற்றாடி மின்சாரம் தருகிறது என்றால் காற்று இருக்கிறது.' நல்ல உட்கிடை. காற்றாடி நிற்கிறது, ஆகவே காற்று இல்லை என்று சொல்லலாமா? காற்று அளவுக்கு மிஞ்சினாலும் இயந்திரம் தானே நின்றுகொள்ளும். பழுது பார்க்கவும் நிறுத்துவார்கள். நான்காமவர் இங்கேயும் வந்துவிட்டார்.

வாலில் இருக்கிறது விஷயம்

தமிழில் தருக்கத்தைச் சுமப்பது பெரும்பாலும் தனிச்சொல் அல்ல, வினையின் வாலில் ஒட்டும் துணுக்கு. குறியீட்டில் எழுதப் பழகுகிறவர் வாக்கியத்தை வாலில் இருந்து படிக்கப் பழக வேண்டும்.

மீன் வாடியில் தினமும் கேட்கக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுங்கள்.

"ஐஸ் வந்தால் மீன் ஏத்துவம்."
"ஐஸ் வந்தால்தான் மீன் ஏத்துவம்."

ஐ: ஐஸ் வந்தது. ம: மீன் ஏற்றினோம். முதல் வாக்கியம் ஐ → ம. இரண்டாவதையும் அப்படியே எழுதுகிறவர்கள் அதிகம். வாக்கியத்தின் முன்பகுதி முன்னெடுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில். உண்மையில் 'தான்' வந்தவுடன் அம்பு திரும்பிவிடுகிறது: ம → ஐ. லொறியில் மீன் ஏறியிருந்தால் ஐஸ் வந்திருக்கிறது என்பது நிச்சயம். ஐஸ் வந்ததை மட்டும் வைத்து மீன் ஏறிவிட்டது என்று கொழும்புக்குப் போன் பண்ண முடியாது. லொறி பழுதாகியிருக்கலாம், விலை படியாமல் இருக்கலாம். முதல் வாக்கியத்தில் ஐஸ் போதுமான நிபந்தனை. இரண்டாவதில் அது இல்லாமல் முடியாத நிபந்தனை. 'மட்டுமே', 'மாத்திரம்' வந்தாலும் இதே திருப்பம்தான்.

"ஐஸ் வராட்டி மீன் ஏத்தம்" என்பதை, மறுப்புக்கு ~ குறியை இட்டு, எழுதிப் பாருங்கள்: ~ஐ → ~ம. இதைத் தலைகீழாக்கி இரு மறுப்புகளையும் எடுத்தால் ம → ஐ. ஆகவே 'வந்தால்தான்', 'வராட்டி ... இல்லை' இரண்டும் ஒரே எடுப்பு. ஒன்று புரியாவிட்டால் மற்றதாக மாற்றி வாசிக்கலாம். அநேகமாக 'ஆட்டி' வடிவம் மனதுக்கு எளிது.

சிக்கல் என்னவென்றால், பேச்சில் வெறும் 'ஆல்' சொன்னாலும் கேட்பவர் 'தான்'ஐத் தாமே சேர்த்துக்கொள்வார். "பாடத்தை முடிச்சால் விளையாடப் போகலாம்" என்று தாய் சொன்னால், முடிக்காவிட்டால் போக முடியாது என்றே எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளும். தாய் நினைத்ததும் அதுதான். ஆனால் அவர் சொன்ன சொற்களில் அது இல்லை. ஒப்பந்தம், கடன் பத்திரம், அலுவலகச் சுற்றறிக்கை வாசிக்கும்போது இந்த இலவச இணைப்பைக் கழற்றிவிட்டு வாசிக்க வேண்டும். 'குறித்த திகதிக்கு முன் கட்டினால் வட்டி இல்லை' என்ற வரி, பிந்திக் கட்டினால் வட்டி எவ்வளவு என்பதைச் சொல்லவே இல்லை; அது வேறெங்காவது எழுதியிருக்கும். தேடிப் பிடியுங்கள்.

மூன்றாவது வால் 'ஆலும்'. "வெயில் எரிச்சாலும் மடுத் திருவிழாவுக்குச் சனம் போகும்." பார்வைக்கு உட்கிடை போல நிற்கிறது. வெயில் எரித்தால் போகும், எரிக்காவிட்டாலும் போகும். இரண்டையும் சேர்த்து அட்டவணை போட்டுப் பாருங்கள். வெயில் காணாமல் போய், 'சனம் போகும்' மட்டும் மிஞ்சும். 'ஆல்' போட்டது நிபந்தனையை. பின்னால் ஒட்டிய 'உம்' அதைத் துடைத்துவிட்டது.

உம்மும் இல்லையும்

தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். தருக்கத்தின் இணைப்புக்குறி (∧) எடுத்துக்கொள்வது எண்ணும்மையை மட்டும்; அதையும் முழுதாக அல்ல. 'சூசையும் அந்தோனியும் படகு வாங்கினார்கள்.' ஆளுக்கொரு படகு என்றால் இரண்டு எடுப்புகளாகப் பிரித்து நடுவில் ∧ போடலாம். இரண்டு பேரும் பங்கு போட்டு ஒரு படகு வாங்கினார்கள் என்றால் பிரிக்கவே கூடாது. அது ஒரே எடுப்பு. பிரித்துச் சொல்லிப் பார்த்து, பொருள் கெடாவிட்டால் மட்டும் குறியைப் போடுங்கள்.

'ஆனால்', 'என்றாலும்', 'இருந்தும்' எல்லாம் குறியீட்டில் ∧ ஆகிவிடும். 'சம்பளம் குறைவு, ஆனால் வேலை நிரந்தரம்' என்பவர் இரண்டு செய்திகளை உண்மை என்கிறார். எதிர்பார்ப்புக்கு மாறு என்ற தொனி குறியீட்டில் ஏறாது. 'கரைக்கு வந்து வலை தெரிந்தான்' என்பதில் உள்ள முன்பின் ஒழுங்கும் ஏறாது.

இனி மறுப்பு. 'சூசை படகும் வலையும் வாங்கினார்' என்ற கூற்று பொய் என்று நிறுவ என்ன வேண்டும்? இரண்டில் ஒன்றை வாங்கவில்லை என்று காட்டினாலே போதும். படகு வாங்கினார் என்பதை அ, வலை வாங்கினார் என்பதை ஆ, 'அல்லது' என்பதை ∨ என்று குறித்தால், ~(அ ∧ ஆ) என்பது ~அ ∨ ~ஆ. டி மோர்கன் விதி என்று புத்தகங்கள் சொல்வது இதுதான். ஆனால் தமிழில் "சூசை படகும் வலையும் வாங்கேல்லை" என்றால் கேட்பவர் இரண்டுமே இல்லை என்று விளங்கிக்கொள்வார்: ~அ ∧ ~ஆ. ஆகவே ஒரு வாக்கியத்தை மறுக்க, அதன் கடைசி வினையை மட்டும் எதிர்மறையாக்கினால் போதும் என்று எண்ண வேண்டாம். முழு வாக்கியத்தையும் அடைப்புக்குள் வைத்து, 'என்பது உண்மையல்ல' என்று வெளியில் இருந்து மறுங்கள். சோதனைத் தாளில் இதில் விழாதவர் குறைவு.

ஓ, அல்லது, இல்லையேல்

அடையாளத்துக்கு 'தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம்' கேட்கும் இடத்தில் இரண்டைக் கொண்டுபோனவரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தருக்கத்தின் உறழ்வு (∨) இந்த வகை: ஒன்றாவது உண்மையானால் போதும், எல்லாம் உண்மையானாலும் கெடாது. 'தேத்தண்ணியா கோப்பியா?' என்று கேட்கும் வீட்டில் இரண்டும் வேண்டும் என்றால்தான் சிரிப்பார்கள்.

அப்படியானால் 'அல்லது'வுக்கு இரண்டு பொருளா? பிரித்தானிய மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய விரிவுரைகளில் பேச்சை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: சொல் சொல்வது ஒன்று, சொன்ன சூழலில் இருந்து கேட்பவர் கணிப்பது வேறொன்று. கணித்ததைச் சொல்பவரே பின்னால் தள்ளிவிடலாம், முரண்பாடு வராது. "சூசையோ அந்தோனியோ வருவினம், சிலவேளை ரெண்டு பேரும் வருவினம்." காதில் உறுத்தவில்லை. ஆக 'இரண்டும் சேர்ந்து வராது' என்பது 'ஓ'வின் பொருள் அல்ல, நாம் ஏற்றிக்கொண்டது. பிள்ளையும் பாடமும் வாக்கியத்தில் ஒட்டிய 'தான்'ஐயும் இதேபோலக் கழற்றிப் பார்க்கலாம்: "பாடத்தை முடிச்சால் போகலாம், முடிக்காட்டியும் இண்டைக்குப் போகலாம், மாமா வந்திருக்கிறார்."

உறழ்வோடு சேர்ந்த விதி மறுத்து விதித்தல்: இரண்டில் ஒன்று, இது அல்ல, ஆகவே மற்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கர் கிரிசிப்பஸ் ஒரு வேட்டை நாயைக் காட்டினாராம். மூன்று வழி பிரியும் இடத்தில் இரண்டை மோந்து, வாடை இல்லை என்றதும், மூன்றாவதை மோந்து பாராமலே அதில் ஓடியது. நாய்க்குத் தருக்கம் தெரியும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் விதியைப் பிழையாகப் பயன்படுத்தும் ஆட்களை அந்த நாய் வென்றுவிடும். 'சூசையோ அந்தோனியோ எடுத்திருக்க வேண்டும். சூசை எடுத்தது தெரிந்துவிட்டது. ஆகவே அந்தோனி எடுக்கவில்லை' என்ற வாதம் பிழை. இருவரும் எடுத்திருக்கலாம்.

தோட்டவெளி வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம், 1544இல் சங்கிலி மன்னனின் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களை நினைவுகொள்ளும் இடம். வேதத்தை விடு, இல்லையேல் உயிரை விடு என்ற நிலையில் அவர்கள் நின்றார்கள் என்பது தலைமுறையாகச் சொல்லப்படுவது. மிரட்டலின் வடிவத்தைப் பாருங்கள். வ ∨ உ. வேறு விதமாக எழுதினால் ~வ → உ. விடாவிட்டால் சாவு என்பது மட்டுமே அதில் இருக்கிறது. விட்டால் உயிர் தப்பும் என்று அந்தக் குறியீட்டில் எங்கும் இல்லை. மிரட்டப்படுபவர் அதைத் தாமாகச் சேர்த்துக்கொள்கிறார். மிரட்டுபவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். இன்றைக்கும் 'கையெழுத்து வை, இல்லாட்டி வேலை போகும்' என்ற பேச்சைக் கேட்பவர், வைத்தால் வேலை நிலைக்கும் என்று யாராவது சொன்னார்களா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி

கீழுள்ளவற்றைச் சுருக்கத் திட்டம் எழுதிக் குறியீட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வாலைக் கோடிடுங்கள்.

'டிக்கெட் எடுத்தவர்தான் ஏறலாம்.' ஏறியவரைப் பற்றி என்ன நிச்சயம்? எடுத்தவரைப் பற்றி?

'வாடை தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் வலை பொத்த வேண்டும்.' ஓர் எழுத்தில் விடை வர வேண்டும்.

'புகை இருந்தால் நெருப்பு இருக்கும். இங்கே நெருப்பு இருக்கிறது. ஆகவே புகை இருக்கும்.' பழைய நியாய நூலார் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி இதை மறுத்தார்கள். நீங்கள் தண்டவாளத்தில் வைத்து மறுங்கள்.

'சோளகம் வீசினால் மழை பெய்யும்.' கொழும்பில் இருந்து வந்தவர் சொல்கிறார். மன்னாரில் சோளகம் பெரும்பாலும் வறண்ட காற்று. மழை வருவது வடகீழ்ப் பருவத்தில். அட்டவணையின் எந்த வரி அவரை மறுக்கிறது? சோளகமே வீசாத ஒரு நாளில் மழை பெய்தால், அது அவருக்குச் சாட்சியா, எதிர்ச்சாட்சியா, இரண்டும் இல்லையா?

'கிராம சேவகர் கையெழுத்தும் பங்குத்தந்தை கடிதமும் இல்லாட்டி விண்ணப்பம் எடுபடாது.' ஒன்று மட்டும் கொண்டுபோனவர் விண்ணப்பம் எடுபடுமா? இந்த வாக்கியத்துக்கு இரண்டு குறியீடு எழுதலாம். இரண்டையும் எழுதிய பிறகு, விண்ணப்பம் கொடுக்கப் போகும் முன் எதைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.